ஆறில்லா ஊரில் நாலு நாள்

அம்மாவுக்கு ஹூஸ்டன் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. காலாற நடந்து போயி ஒரு கட்டு கீரை வாங்கிட்டு வர ஒரு தெருதான் இல்ல" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவாள். சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அறுபத்தெட்டு வருடம் தெருவோடு வாழ்ந்தவள். கார் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாத குடியிருப்பில் நாலு மாதம் அடைத்து வைத்தால் வேறு எப்படிப் பேசுவாள்? 2019 பிப்ரவரி கடைசியில் கான்கூனுக்கு மலிவாக டிக்கெட் கண்ணில் பட்டதும் நான் அதிகம் யோசிக்கவில்லை. இந்திய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை என்பது வசதியாகப் போனது.

கான்கூனின் வெள்ளை மணலில் எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. விமானம் இறங்கியதும் பஸ் பிடித்து உள்நாட்டுக்குள் போய்விட்டோம். கான்கூனிலிருந்து மேற்கே சுமார் 160 கிலோமீட்டர். அங்கிருந்து இன்னொரு 160 போனால் மாநிலத் தலைநகர் மெரிதா. நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறது பயாதொலித். ஆங்கில எழுத்தை வைத்து நான் வல்லாடோலிட் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டிக்கெட் கொடுத்த பெண் இரண்டு முறை பொறுமையாகத் திருத்தினார். ஸ்பெயினில் இருக்கும் ஓர் ஊரின் பெயரை எடுத்து இதற்கு ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு முன் இது சகி என்ற, இங்கத்துப் பூர்வகுடிகளான மாயா மக்களின் ஊர்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த ஊர் ஒரு ராத்தங்கல்தான். காலையில் சிச்சென் இட்சா பிரமிடு, மதியம் செனோட்டே எனும் பாறைப் பள்ளத்து இயற்கைக் குளம் ஒன்றில் குளியல், சாயங்காலம் திரும்பக் கடற்கரை. நானும் அந்தக் கணக்கில்தான் வந்தேன். கணக்கு மாறிப்போனதற்கு முதல் காரணம் என் கடிகாரம்.

கான்கூன் இருக்கும் கிந்தானா ரோ மாநிலம் 2015இல் தன் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது, சுற்றுலா வருகிறவர்களுக்குச் சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் கூடக் கிடைக்கட்டும் என்று. பக்கத்து யுகாத்தான் மாநிலம் பழைய நேரத்திலேயே நிற்கிறது. மாநில எல்லையைத் தாண்டும்போது ஒரு மணி நேரம் பின்னால் போக வேண்டும். விமான நிலையத்தில் சரிசெய்த என் கைக்கடிகாரத்துக்கு இது தெரியாது. அம்மாவின் கடிகாரம் எங்கே போனாலும் இந்திய நேரம்தான் காட்டும். அதனால் அவளும் உதவவில்லை. மறுநாள் எக் பலாம் என்ற பழைய மாயா நகரத்தின் இடிபாட்டுக்குப் போவதற்காக ஏழு மணி என்று நினைத்து ஆறு மணிக்கே வாசலில் இறங்கிவிட்டோம். பகிர்வு டாக்சி நிற்கும் தெருமுனையில் ஓர் ஆளில்லை. ஒரு நாய் மட்டும் எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் அம்மாவுக்குத் தெரு கிடைத்தது.

ஒற்றை மாடி வீடுகள், ஒன்றோடொன்று சுவர் ஒட்டி, தெருவின் ஓரத்தில் திண்ணை இல்லாமல் நேராக நிற்கின்றன. மஞ்சள், வெளிர்பச்சை, காவி, ரோஜா நிறப் பூச்சு. ஜன்னல்களுக்கு ஆளுயரக் கம்பி. ஒரு கதவு திறந்து, வெள்ளைத் துணியில் கழுத்திலும் அடியிலும் பூவேலை செய்த உயிபில் அணிந்த பாட்டி வாளித் தண்ணீரைத் தெருவில் விசிறினார். அம்மா நின்றுவிட்டாள். "கோலம் போடுவாகளோ?" போடவில்லை. விளக்குமாறால் பெருக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். இருந்தாலும் அம்மாவின் நடை அப்போதே மாறிவிட்டது.

அடுத்த திருப்பத்தில் கடகடவென்று மெஷின் சத்தம். எனக்கு முன்னால் அம்மாவுக்குப் புரிந்தது. "மாவு மில்லு!" மில்தான். துணி போட்டு மூடிய பிளாஸ்டிக் வாளிகளோடு ஏழெட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வாளிக்குள் ராத்திரி சுண்ணாம்பு போட்டு வேகவைத்து ஊறவைத்த மக்காச்சோளம். அதைக் கழுவி, தோல் வழன்று போன மணிகளை மெஷின் வாயில் கொட்டினால் மறுபக்கம் ஈரமாவாகப் பிதுங்கி வருகிறது. அதைத்தான் தட்டித் தோர்த்தியா சுடுகிறார்கள். வரிசையிலிருந்த ஒருவர் அம்மாவின் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பதிலுக்கு ஒரு சிட்டிகை மாவை அவள் உள்ளங்கையில் வைத்தார். அம்மா முகர்ந்தாள், விரலால் நசுக்கினாள். "சுண்ணாம்பு வாடை அடிக்குது. ஆனா இழுவை இருக்கு, கேப்பை மாவு மாதிரி உதிரல."

அந்தச் சுண்ணாம்பு சும்மா இல்லை. மக்காச்சோளத்தில் இருக்கும் நயாசின் உயிர்ச்சத்து அப்படியே தின்றால் உடம்பில் ஒட்டாது. சுண்ணாம்பில் வெந்தால்தான் விடுபடும். மெசோஅமெரிக்க மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக இதைச் செய்துவருகிறார்கள். ஐரோப்பியர்கள் சோளத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சமைக்கும் முறையைக் கேட்டுக்கொள்ளவில்லை. சோளக் கூழையே மூன்று வேளையும் குடித்த வட இத்தாலிய விவசாயிகள் பெல்லாக்ரா நோயில் தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். சமையலறையில் நிற்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

டாக்சியில் நாலு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். ஏழரைக்குச் சேர்ந்தார்கள்.

எக் பலாம் வடக்கே இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பெயருக்குக் கருஞ்சிறுத்தை என்று பொருள் சொல்கிறார்கள். நட்சத்திரச் சிறுத்தை என்றும் சொல்கிறார்கள். இங்கே சிறுத்தை என்பது ஜாகுவார். அக்ரோபோலிஸ் என்று அழைக்கப்படும் பெரிய கட்டடம் 160 மீட்டர் நீளம், முப்பது மீட்டருக்கு மேல் உயரம். நாங்கள் போன சமயத்தில் ஏறவிட்டார்கள். படிகள் செங்குத்து. ஒவ்வொரு படியும் என் முழங்கால் உயரம், ஆனால் முழுப் பாதம் வைக்க இடமில்லை. அம்மா கீழே மரத்தடியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, "நீ போயிட்டு வந்து சொல்லு" என்றாள்.

பாதி உயரத்தில், ஓலைக் கூரையின் நிழலில், ஒரு பூதத்தின் வாய் திறந்திருக்கிறது. கீழ்த்தாடைப் பற்கள் தரையில் வரிசையாக முளைத்து நிற்கின்றன. அந்த வாய்தான் வாசல். மேலே கண்கள், பக்கங்களில் இறக்கை முளைத்தது போல நிற்கும் மனிதர்கள், ஒரு பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்த தலையில்லாத உருவம். எல்லாம் சுதை. கல்லில் செதுக்கியதல்ல, சுண்ணாம்புச் சாந்தில் கையால் பிடித்தது. கி.பி. 770இல் அரியணை ஏறிய உகித் கான் லேக் தோக் என்ற அரசனின் சமாதி உள்ளே இருக்கிறது. அவனைப் புதைத்தபோது இந்த முகப்பைக் கல்லும் மண்ணும் போட்டு அவர்களே மூடிவிட்டார்கள். அதனால்தான் 1200 வருட மழை இதன் மேல் படவில்லை. நகக்கண் வரைக்கும் தெரிகிறது. இதையெல்லாம் இறங்கி வந்து போனில் காட்டினேன். அம்மா விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கோபுரத்துல பொம்மை வைக்கிற கொத்தன் வேலை" என்றாள். அதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்ல வராது.

மதியம் திரும்பி வந்து பிளாசாவில் உட்கார்ந்தோம். ஊரின் நடுவே சதுரமான பூங்கா, நடுவில் நீரூற்று, அதில் குடத்தோடு நிற்கும் உயிபில் பெண்ணின் சிலை. சுற்றிலும் வெள்ளைச் சிமெண்டு நாற்காலிகள், இரண்டிரண்டாக. ஆங்கில எஸ் எழுத்து போல வளைத்து, ஒருவர் கிழக்கே பார்த்தால் இன்னொருவர் மேற்கே பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். தோள் ஒட்டும், முகம் பார்த்துப் பேசலாம், மடியில் சாய முடியாது. காதலர்களுக்கென்று யோசித்த பெரியவர்கள் யாரோ கெட்டிக்காரர்கள். அம்மாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். சண்டை போடுவதற்கும் தோதான நாற்காலிதான்.

தெற்குப் பக்கம் சான் செர்வாசியோ தேவாலயம், இரண்டு கோபுரத்தோடு. ஸ்பானியர்கள் முதலில் 1543இல் கடற்கரைப் பக்கம் ஒரு ஏரிக்கரையில் ஊர் அமைத்தார்கள். கொசுவும் ஈரமும் தாங்கவில்லை. 1545 மார்ச்சில் இடத்தை மாற்றி, மாயா மக்கள் குடியிருந்த சகியின் மேலேயே வந்து உட்கார்ந்தார்கள். அங்கிருந்த கோயில்களை இடித்த கல்லில்தான் தேவாலயமும் மாளிகைகளும் எழுந்தன. இப்போது நிற்பது அந்த முதல் தேவாலயம் அல்ல. 1703இல் ஊர் அதிகாரப் போட்டியில் இரண்டு பேர் உயிருக்குப் பயந்து தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். எதிர்த் தரப்பு ஆல்கால்டேக்களின், அதாவது நகரத் தலைவர்களின், ஆட்கள் உள்ளே நுழைந்து அவர்களைப் பிடித்துக் கொன்றார்கள். சந்நிதியில் ரத்தம் சிந்திய கட்டடம் ஆகாது என்று இடித்து, 1706இல் புதிதாகக் கட்டினார்கள். மேற்கே பார்த்திருந்த வாசல் அப்போது வடக்கே திரும்பியது. கட்டடத்துக்குக் கொடுத்த தண்டனை. கொலை செய்யச் சொன்னவர்களின் வம்சம் எந்தத் திசை பார்த்து வாழ்ந்ததோ.

பிளாசாவிலிருந்து தென்மேற்காக ஒரு கல் பாவிய தெரு, சந்நியாசிகளின் சாலை என்று பெயர், சான் பெர்னார்தினோ மடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. பிரான்சிஸ்கன் துறவிகள் 1552இல் ஆரம்பித்து 1560இல் முடித்தது. மடம் என்றால் மடம், கோட்டை என்றால் கோட்டை. சுவர் அவ்வளவு தடிமன். நான் அங்கே அதிக நேரம் நின்றது தோட்டத்தில் இருக்கும் ஒரு மண்டபத்தில். குவிமாடத்துக்குக் கீழே ஒரு கிணறு. எட்டிப் பார்த்தால் அது கிணறு இல்லை, செனோட்டே. பாறைக் கூரையில் இருந்த ஓட்டைக்கு மேல் மண்டபம் கட்டி, மாட்டை வைத்துச் சக்கரம் சுற்றித் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். "கமலை" என்றாள் அம்மா. அந்தப் பகுதிக்குப் பெயர் சிசால். மாயா மொழியில் சிஸ் ஹா, குளிர்ந்த நீர். மாயா மக்களின் தண்ணீர் வாயில் மேல் மடத்தைத் தூக்கி வைத்ததில் ஒரு தெளிவு இருக்கிறது. யாரும் தண்ணீருக்கு வந்துதானே ஆக வேண்டும்.

அந்த நீருக்குள் பிற்காலத்தில் முக்குளித்தவர்களுக்குக் கிடைத்தது நூற்றுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள். ஒரு பீரங்கியும் கிடைத்தது. சில துருப்பிடித்த குழல்களை உள்ளே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மாயா மக்கள் கிளர்ந்தெழுந்த காஸ்தா போர் காலத்தவை.

இதைச் சாதிப் போர் என்று மொழிபெயர்த்தால் நமக்கு வேறு படம் மனதில் வரும். ஆனால் சொல் ஒன்றுதான். பிறப்பை வைத்து மனிதரை அடுக்குவதற்கு ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் வைத்திருந்த 'காஸ்தா' என்ற சொல்லைத்தான் போர்ச்சுகீசியர் நம்மூர்க் கரைக்கும் கொண்டுவந்து, இங்கே பார்த்ததற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு ஆங்கிலத்தில் அது கேஸ்ட் ஆனது. பயாதொலித்தில் அந்த அடுக்கு ரொம்பக் கெட்டி. தங்கள் ரத்தம் கலப்பில்லாதது என்று பெருமை பேசிய குடும்பங்களின் ஊர் இது. சுற்றியிருந்த மாயா கிராமங்களின் நிலம் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. வரி, தேவாலயத்துக்குக் கட்டணம், தீராத கடனுக்குக் கூலி வேலை. போதாததற்கு, தங்களுக்குள் நடந்த பதவிச் சண்டையில் வெள்ளையர்களே மாயா ஆண்கள் கையில் ஆயுதம் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். 1847 ஜூலை 26ஆம் தேதி, கலகத்துக்குத் திட்டமிட்டதாகச் சொல்லி மனுவேல் அந்தோனியோ ஆய் என்ற மாயா தலைவரை இந்த ஊரில் சுட்டுக் கொன்றார்கள். நாலாம் நாள் செசிலியோ சி தன் ஆட்களோடு தெபிச் என்ற ஊரில் நுழைந்தார். அடுத்த மார்ச்சில் பயாதொலித்தின் கலப்பில்லாத குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரையே காலி செய்துவிட்டு ஓடின.

1848 மே மாதக் கடைசியில் மாயா படை மெரிதாவை நெருங்கிவிட்டது. பிறகு திடீரென்று கலைந்துபோனது. ஏன் என்பதற்கு, போராளிகளில் ஒருவரின் மகன் பின்னாளில் சொன்னதாக ஒரு கதை உண்டு. சிறகு முளைத்த எறும்புகள் கூட்டமாகக் கிளம்பின. அப்படியானால் மழை வரப்போகிறது, விதைக்கும் நேரம். இப்போது விதைக்காவிட்டால் வருடம் முழுக்கப் பெண்டு பிள்ளைகளுக்குச் சோளம் இல்லை. அப்பாமார்கள் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். வரலாற்று ஆசிரியர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. உணவுத் தட்டுப்பாடு, களைப்பு, தலைவர்களுக்குள் பிணக்கு என்று வேறு காரணங்களும் அடுக்குகிறார்கள். அம்மாவுக்கு அடுக்கத் தேவையிருக்கவில்லை. "ஈசல் பறந்தா எங்க அப்பா கல்யாண வீட்டுல இருந்தும் எந்திரிச்சுப் போயிருவாரு" என்றாள்.

போர் அதோடு முடியவில்லை. கிழக்குக் காட்டில் சான் சாந்தா குரூஸ் என்று தனக்கென ஒரு தலைநகர் வைத்துக்கொண்டு, பேசும் சிலுவை ஒன்றைக் கும்பிட்டு, பிரிட்டிஷ் ஹோண்டுராஸில் (இன்றைய பெலீஸ்) துப்பாக்கி வாங்கி, அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தார்கள். 1901இல் மெக்சிக்கப் படை அந்த ஊருக்குள் புகுந்தபோதுதான் முடிந்ததாக அறிவித்தார்கள். சரித்திரம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும் இது என் தாத்தாவின் அப்பா காலம்.

எங்கள் விடுதிக்காரம்மா தெபிச் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். என் அரைகுறை ஸ்பானிஷுக்கும் அவருடைய நிதானத்துக்கும் நடுவே பேச்சு நடக்கும். அம்மாவுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. அவள் தமிழில் பேசுவாள், அவர் மாயா மொழியில் பதில் சொல்வார், இருவருக்கும் காபி ஆறாது. மாயாவில் நலம் விசாரிப்பதை அவர்தான் சொல்லிக்கொடுத்தார்: 'பிஷ் அ பேல்?' உன் வழி எப்படி இருக்கிறது என்று அர்த்தம். நான் மொழிபெயர்த்ததும் அம்மா சிரித்தாள். "அதைத்தானடி நாலு மாசமா ஒன்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்."

இனி செனோட்டே.

வட யுகாத்தானில் ஆறு கிடையாது. மழை நன்றாகவே பெய்கிறது, ஆனால் தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, தேங்க விடாது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, பாறையை அரித்துக்கொண்டே கீழே போகிறது. கீழே குகை, குகையோடு குகை சேர்ந்து நிலத்தடி ஆறு. எங்காவது கூரை மெலிந்து இடிந்து விழுந்தால் அந்தத் தண்ணீருக்கு வானம் தெரிகிறது. அதுதான் செனோட்டே. மாயா மொழியில் ட்சோனோத்; ஸ்பானிய நாக்கு அதைச் செனோட்டே ஆக்கிவிட்டது. 6.6 கோடி வருடங்களுக்கு முன் டைனோசர்களை முடித்த விண்கல் விழுந்ததும் இதே தீபகற்பத்தின் வடமேற்கு ஓரத்தில், சிக்சுலூப்பில். அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி ஒரு வளையமாகச் செனோட்டேகள் இருக்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு எல்லா செனோட்டேயும் விண்கல் தோண்டியது என்று சுற்றுலா வண்டிகளில் அளக்கிறார்கள். பயாதொலித் அந்த வளையத்துக்கு வெளியே. இங்கே தோண்டியது மழைதான்.

ஊருக்குள்ளேயே, பிளாசாவிலிருந்து நடக்கும் தூரத்தில், சகி செனோட்டே இருக்கிறது. பழைய ஊரின் பெயர் மிச்சமிருப்பது இதில்தான். நாங்கள் குளிக்கப் போனது ஏழு கிலோமீட்டரில் உள்ள ட்சித்னுப் கிராமத்துக்கு. அங்கே ஷ்கெக்கேன், சமுலா என்று இரண்டு, அடுத்தடுத்து. ஷ்கெக்கேன் என்றால் பன்றி. கோடையில் காணாமல் போன பன்றி ஒன்று உடம்பெல்லாம் ஈரச் சேற்றோடு திரும்பி வந்ததாம். எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்ததில் இந்தக் குகை கிடைத்ததாம். எல்லா ஊரிலும் தண்ணீரைக் கண்டுபிடிப்பது ஏதாவது ஒரு மாடோ பன்றியோதான்.

குளிப்பதற்கு முன் ஷவரில் நின்று சன்ஸ்கிரீன், தலை எண்ணெய் எல்லாம் கழுவச் சொல்கிறார்கள். தண்ணீர் எல்லாம் அடியில் ஒன்றோடொன்று சேர்ந்தது. இங்கே கரைவது இன்னொரு கிராமத்தின் குழாயில் வரும். அம்மாவின் தலையில் நல்லெண்ணெய். அதற்கு மட்டும் கால் மணி நேரம் ஆனது. பிறகு பாறையில் வெட்டிய குறுகலான படி, கையில் பிடிக்க ஒரு கயிறு. இறங்க இறங்க வெளியே இருந்த வெயில் போய், வெந்நீர்த் துணியைப் போர்த்தியது போல ஈரப் புழுக்கம். வௌவால் வாடை. கடைசிப் படியில் நிமிர்ந்தால் ஒரு பெரிய அறை. மேலே, எட்டாத உயரத்தில், பானை மூடி அளவுக்குத் தெரியும் ஒரே ஓட்டை. அதன் வழியாக வெயில் ஒரு தூணாக இறங்கி நீரில் ஊன்றி நிற்கிறது. தூண் ஊன்றிய இடம் மட்டும் நீலம், மற்றதெல்லாம் மை. கூரையிலிருந்து சுண்ணாம்பு விழுதுகள் தொங்குகின்றன. சில விழுதுகள் நீருக்குள்ளும் தொடர்கின்றன. சொட்டுச் சொட்டாகக் காற்றில் வளர வேண்டிய விழுது நீருக்குள் எப்படி வந்தது? பனிக்காலத்தில் கடல்மட்டம் வெகுவாகத் தாழ்ந்திருந்தபோது இந்தக் குகைகள் காய்ந்து கிடந்தன. விழுது அப்போது வளர்ந்தது, தண்ணீர் பிறகு ஏறியது.

வாசலில் ஒரு பையன் ஆரஞ்சு நிற மிதவை அங்கி ஒன்றை அம்மாவிடம் நீட்டினான். கட்டாயம். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எட்டு வயதில் கிணற்று மேட்டிலிருந்து குதித்து நீச்சல் பழகியவள் அவள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அடிமண் எடுத்து வந்த கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். "இதைக் கட்டிக்கிட்டு மிதக்கிறதுக்குப் பேரு நீச்சலா? தக்கை கூடத்தான் மிதக்குது." அங்கியை மடித்துப் படியில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். நான் கட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் நினைத்ததைவிடக் குளிர். கீழே பார்த்தால் என் கால் தெரியவில்லை. வெளிச்சத் தூணுக்குள் நீந்திப் போய் மல்லாக்க மிதந்தேன். ஓட்டை வழியாக ஒரு மரக்கிளை, ஒரு துண்டு மேகம். நீர் காதை அடைத்ததும் வெளிச்சத்தம் எல்லாம் நின்று, சொட்டும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. திரும்பி வந்தபோது அம்மா முட்டி வரைக்கும் காலை நீரில் விட்டிருந்தாள். சின்ன மீன்கள் அவள் குதிகால் வெடிப்பைக் கொத்திக்கொண்டிருந்தன. கண்ணை மூடியிருந்தாள். நான் கூப்பிடவில்லை.

சிச்சென் இட்சாவைப் பற்றி எழுதாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். போனோம். மேற்கே 45 கிலோமீட்டர். எட்டு மணிக்குத் திறந்தவுடன் உள்ளே போய்விட்டால் ஒரு மணி நேரம் நிம்மதி. பத்தரைக்குக் கான்கூன் பஸ்கள் வந்துவிடும். குகுல்கான் பிரமிடு அழகு, சந்தேகமில்லை. பக்கத்துக்கு 91 படி, நாலு பக்கம், உச்சியில் ஒன்று, ஆக 365. படிக்கட்டின் எதிரே நின்று கைதட்டினால் எதிரொலி கைதட்டலாக வராமல் பறவையின் கீச்சாகத் திரும்புகிறது. ஏறுவதற்கு 2006லிருந்து தடை. அம்மாவுக்கு அதில் திருப்தி. மரத்துக்கு மரம் வியாபாரிகள், ஒவ்வொருவர் வாயிலும் சிறுத்தை உறுமும் ஊதல். ஆயிரம் வருட மௌனத்தை நினைத்து உருகலாம் என்று நின்றால் காதோரம் ஒரு உறுமல், தொடர்ந்து "ஒரு டாலர், அம்மா, ஏறக்குறைய இலவசம்".

பலிக் கிணறு தனியாக, வெள்ளைச் சாலை ஒன்றின் முடிவில் இருக்கிறது. 60 மீட்டர் அகல வட்டம், செங்குத்துச் சுவர், வெகு கீழே பச்சைத் தண்ணீர். ஊரின் பெயரே இதிலிருந்துதான்: இட்சா மக்களின் கிணற்று வாய். எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கத் தூதரக அதிகாரி இந்த இடிபாடுகள் இருந்த பண்ணையையே விலைக்கு வாங்கி, 1904லிருந்து கிணற்றைத் தூர்வாரி, கிடைத்த தங்கத்தையும் பச்சைக்கல்லையும் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். கொஞ்சம்தான் திரும்பி வந்தது. எங்கள் பக்கத்தில் நின்ற வழிகாட்டி ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: கன்னிப்பெண்களை இதற்குள் தள்ளினார்கள், பிறகு மாயா மக்கள் மர்மமாக மறைந்துபோனார்கள்.

கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு நிலத்தடித் தொட்டியில் 1967இல் குழந்தைகளின் எலும்புகள் குவியலாகக் கிடைத்திருந்தன. 2024இல் வெளியான மரபணு ஆய்வை நான் படித்தேன். சோதித்த 64 பேரும் ஆண்பிள்ளைகள். அதில் இரண்டு ஜோடி இரட்டையர். அதே ஆய்வில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இன்று வாழும் மாயா மக்களின் மரபணுவையும் ஒப்பிட்டிருந்தார்கள், உறவு விட்டுப்போகவில்லை. 2020 மெக்சிகோ கணக்கெடுப்பில் மாயா மொழி பேசுகிறவர்கள் சுமார் 7.7 லட்சம் பேர். மறைந்துபோனவர்களில் ஒருவரிடம்தான் அன்று அம்மா ஊதல் ஒன்றை வாங்கினாள், என் அக்கா மகனுக்கு. பேரம் பேசி, முக்கால் டாலருக்கு.

கடைசி நாள் காலை சந்தை. பானுச்சோ இரண்டு தின்றோம். உப்பிய தோர்த்தியாவைக் கீறி, கறுப்புக் காராமணி மாதிரி ஒரு பயற்றின் விழுதை அதற்குள் திணித்துப் பொரித்து, மேலே கோழியும் புளிக்க வைத்த வெங்காயமும் வைக்கிறார்கள். அம்மாவுக்குப் பிடித்த ஒரே வெளியூர்ப் பலகாரம். பழக்கடை வரிசையில் நடக்கும்போது என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடியே, சப்போட்டா!"

அதே பழுப்பு, அதே மணல் தோல். கடைக்காரர் "சபோத்தே" என்றார். "அதான், சப்போட்டா" என்றாள் அம்மா, உச்சரிப்பைத் திருத்துகிற தொனியில். நம் வீட்டுக் கொல்லை மரம் இந்தக் காட்டிலிருந்து கப்பலேறிப் போனது. இங்கே அதன் பாலைக் கீறி எடுத்துக் காய்ச்சியதுதான் சிக்லே, பழைய காலச் சூயிங்கம். மாயா கோயில் வாசல்களின் நிலைவிட்டமும் இந்த மரம்தான். கல் பெயர்ந்த இடங்களிலும் சில விட்டங்கள் உளுக்காமல் நின்றிருக்கின்றன. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா நாலு பழம் தின்றுவிட்டு, விதைகளைக் கைக்குட்டையில் துடைத்துப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாள். கறுப்பாக, பளபளவென்று, எண்ணெய் தடவிய மாதிரி எட்டு விதை.

ஹூஸ்டன் விமான நிலையத்தில் பழம், விதை, மண் ஏதாவது உண்டா என்று படிவத்தில் கேள்வி. பொய் எழுதக் கூடாது என்று அம்மா பிடிவாதம். தனி வரிசையில் அனுப்பினார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கைக்குட்டையைப் பிரித்து, என்ன விதை என்று கேட்டார். எனக்குச் சட்டென்று ஆங்கிலப் பெயர் வரவில்லை. வடநாட்டுக்காரர்கள் சொல்வதுதான் வாயில் வந்தது: "சிக்கு."

அவர் ஒரு விதையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் கொஞ்சம் இளகியது. "ஆ, சிக்கோசபோத்தே" என்றார் நல்ல மெக்சிக்க உச்சரிப்பில். "எங்கள் பாட்டி வீட்டில் இருந்தது." பிறகு கையுறை போட்ட கையால் எட்டு விதையையும் அள்ளி, காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். கைக்குட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னடி சொன்னாரு?" என்றாள் அம்மா.

சொன்னேன்.

"அதைத்தான நானும் சொன்னேன்" என்றபடி கைக்குட்டையை உதறிப் பார்த்தாள்.